துண்டு போட்டு இடம்பிடிக்கும் ‘இட்’: சிம்மக்கல் மாலை நேர ஆங்கில வகுப்பு பற்றி

சென்ற ஆண்டு வெளிமாநில வாங்குநர் ஒருவர் எழுதிய மின்னஞ்சலில் இருந்த ‘வி’ என்னும் சிறு சொல்லைப் பிழையாகப் புரிந்துகொண்டதால் எனக்கு 4,600 ரூபாய் கையை விட்டுப் போனது. விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை மொத்த வணிகம் செய்கிறேன். சாயம் சற்று மங்கியிருந்த ஒரு கட்டுச் சரக்கைத் திருப்பி அனுப்புவதற்கான லாரி வாடகை பற்றிப் பேச்சு வந்தபோது, ‘வி வில் ஹாவ் டு பே த ஃப்ரைட்’ என்று அவர் எழுதியிருந்தார். அதை ‘நாங்கள் கொடுக்க வேண்டியிருக்கும்’ என்று படித்து, நல்ல மனிதர் என்று மனத்துக்குள் பாராட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். அவர் எண்ணியதோ ‘நாம் கொடுக்க வேண்டியிருக்கும்’ என்பது. அதாவது 9,200 ரூபாயில் ஆளுக்குப் பாதி. கணக்குத் தீர்க்கும்போது என் பாதியைக் கழித்துக்கொண்டுதான் பணம் போட்டார். அவர் மீது குற்றமில்லை. ஆங்கிலத்தில் நாமும் நாங்களும் ஒரே சொல்தான் என்பதை நான் பள்ளியிலேயே படித்திருப்பேன். ஆனால் படித்ததற்கும் பணம் போனதற்கும் இடையில் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

அதன் பிறகுதான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். சிம்மக்கல் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு பழைய வீட்டின் மாடியில் நடக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6.30 மணி முதல் 8 மணி வரை, ஆறு வாரம். கட்டணம் 3,500 ரூபாய். கையேடு ஒன்றும் அதில் அடக்கம். என் தொகுதியில் பதினெட்டுப் பேர் இருந்தோம்: கல்லூரிப் பெண்கள் நால்வர், ரயில் நிலையம் அருகே விடுதியொன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவர், தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், அலங்காநல்லூரிலிருந்து இருசக்கர வண்டியில் வந்துபோகும் ஓர் இளைஞர், என்னைப் போன்ற கடைக்காரர்கள் மூவர், மற்றவர்கள் வேலை தேடுபவர்கள். ஆறு வாரத்தில் முதல் இரண்டரை வாரம் முழுக்க ‘ஐ, வி, யூ, ஹி, ஷி, இட், தே’ என்ற மூவிடப் பெயர்களும், ‘திஸ், தட், தீஸ், தோஸ்’ என்ற சுட்டுச் சொற்களும்தான். எல்.கே.ஜி. பாடத்துக்கா மூவாயிரத்து ஐந்நூறு என்று முணுமுணுத்து முதல் வாரத்திலேயே இருவர் நின்றுவிட்டார்கள். நான் இந்த மதிப்புரையை எழுதுவதே அந்த இரண்டரை வாரத்துக்காகத்தான். மீதி மூன்றரை வாரமும் மதுரையில் எந்தத் தெருவிலும் கிடைக்கும் பாடம். அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ சொல்ல அதிகமில்லை.

நடத்துபவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எல்லோரும் ‘டீச்சர்’ என்றே அழைக்கிறோம். அவர் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர் என்றாலும் தமிழ் இலக்கணத்தில் நல்ல பிடிப்புள்ளவர் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னதும் வரிசையாக எல்லோரும் ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கிப் பெயரைச் சொன்னோம். ஐந்தாவது ஆள் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏப்பா, தமிழ்ல ‘என்னையே முருகன்’னு சொல்லுவியா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது; ஆறாவது ஆளிலிருந்து ‘ஐ ஆம்’ வந்துவிட்டது. ‘மைசெல்ஃப்’ என்பது ‘ஐ’ ஏற்கெனவே வாக்கியத்தில் வந்து உட்கார்ந்த பிறகு, செய்தவனும் செய்யப்பட்டவனும் ஒருவனே என்று காட்டுவதற்கோ, ‘நானேதான்’ என்று அழுத்துவதற்கோ வரும் சொல். தனியாக வந்து எழுவாய் நாற்காலியில் உட்காரும் உரிமை அதற்கில்லை என்று விளக்கினார்.

இரண்டாம் நாள் கரும்பலகையில் ஆங்கிலம் ஒரு சொல்கூட எழுதாமல் அ, இ, உ என்று மூன்று எழுத்துகளை எழுதினார். தொல்காப்பியம் சுட்டு என்று சொல்வது இம்மூன்றையும்தான். அருகில் இருப்பதற்கு இ, தொலைவில் இருப்பதற்கு அ, இடைப்பட்டதற்கு உ. இது, அது என்னும் இரண்டை வைத்துக்கொண்டு உது என்பதை நாம் எழுத்திலும் பேச்சிலும் கைவிட்டுவிட்டோம். யாழ்ப்பாணத் தமிழர் பேச்சில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் ‘திஸ்’, ‘தட்’, ‘யான்’ என்று மூன்று இருந்தனவாம். கண்ணுக்கெட்டும் தொலைவில் ‘அதோ’ என்று சுட்டுவதற்கு வந்த ‘யான்’ பொது வழக்கிலிருந்து மறைந்து, வட்டார வழக்கிலும் பழைய பாட்டிலும் ஒதுங்கிவிட்டது. “ரெண்டு வீட்டுலயும் மூணு பிள்ளைக. நம்ம நடுப்பிள்ளையத் தொலைச்சோம், அவய்ங்க தூரத்துப் பிள்ளையத் தொலைச்சாய்ங்க” என்று டீச்சர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. ஒருமையில் ‘திஸ்’, ‘தட்’. பன்மையில் ‘தீஸ்’, ‘தோஸ்’. இதில் ‘திஸ்’ஸும் ‘தீஸ்’ஸும் நம் காதில் ஒன்றுபோல் விழுவதால் பலரும் குழம்புவார்கள். குறில், நெடில் என்ற ஒரே குறிப்பில் அதைத் தீர்த்துவைத்தார்: ஒன்றுக்குக் குறில், பலவற்றுக்கு நெடில். கடைசி ஒலியிலும் வேறுபாடு உண்டு. நெடிலில் வருவது வண்டு ரீங்கரிப்பது போன்ற ஒலி. அது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, ஆனால் குறில் நெடிலை வைத்தே கேட்பவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

தொலைவு என்பது அடிக்கணக்கில் அளப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதை உடைத்த எடுத்துக்காட்டு இந்த ஊருக்கே உரியது. ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருக்கும்போது, அது நன்றாக இருந்தால், ‘திஸ் இஸ் குட்’ என்று சொல்ல வேண்டும். கடைசிச் சொட்டையும் உறிஞ்சி முடித்த பிறகு ‘தட் வாஸ் குட்’ என்று சொல்ல வேண்டும். காலிக் கோப்பை இன்னும் கையில்தான் இருக்கிறது. இடத்தால் அது விலகவே இல்லை. ஆனால் அந்த அனுபவம் முடிந்துவிட்டது; முடிந்த கணத்திலேயே அது ‘தட்’ ஆகிவிடுகிறது. நாம் இதைத் தமிழில் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் நாம் ‘நல்லா இருந்துச்சு’ என்று எழுவாயே இல்லாமல் முடித்துவிடுகிறோம். அதேபோல ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லி முடித்ததும், அவர் வாயிலிருந்து வந்த அந்தச் செய்தியை ‘தட்’ என்றே சுட்ட வேண்டும். நாம் இனிமேல் சொல்லப்போவதைச் சுட்ட ‘திஸ்’ வரும்: ‘லிசன் டு திஸ்’ என்றால் கதை இனிமேல்தான் தொடங்குகிறது என்று பொருள். விடுதி வரவேற்பாளர் இதை உடனே பிடித்துக்கொண்டார். அறையில் வெந்நீர் வரவில்லை என்று விருந்தினர் சொன்னால், தான் இத்தனை நாளும் ‘திஸ் இஸ் நாட் பாசிபிள்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததாகவும், அவர்கள் முகம் ஏன் மாறியது என்று இப்போதுதான் புரிகிறது என்றும் ஒப்புக்கொண்டார். என் கணிப்பில், முகம் மாறியதற்குச் சுட்டுச் சொல் மட்டும் காரணமாக இருந்திருக்காது.

இரண்டாம் வாரச் சனிக்கிழமை காலை எங்களை மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனார். இது கட்டணத்தில் அடங்கிய வகுப்பு, கட்டாயம் இல்லை. கைப்பேசிக்கு அனுமதி இல்லாததால் குறிப்பேடு மட்டுமே கையில். ஆடி வீதியில் தெற்குக் கோபுரத்தின் அடியில் நின்று ‘திஸ் டவர்’ என்றும், வடக்கே மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து ‘தட் டவர்’ என்றும் சொல்லிப் பார்த்தோம். நடந்து வடக்கே போனதும் இரண்டும் இடம் மாறின. இதுவரை சிறுபிள்ளை விளையாட்டுத்தான். பிறகு பொற்றாமரைக் குளத்தின் படியில் இருவரை அருகருகே உட்காரவைத்து, குளத்தைப் பற்றி ஒருவர் ‘திஸ்’ என்றும் மற்றவர் ‘தட்’ என்றும் வைத்துப் பேசச் சொன்னார். இரண்டுமே சரி. ‘திஸ் டேங்க்’ என்றவர் தானும் குளமும் ஒரே இடத்தில் இருப்பதாக எண்ணிப் பேசுகிறார்; ‘தட் டேங்க்’ என்றவர் நடுவிலுள்ள பொன்தாமரையைப் பார்த்துப் பேசுகிறார். சுட்டு பொருளுக்கு ஒட்டிய பெயர்ப் பலகை இல்லை, பேசுபவன் நீட்டும் விரல் என்பது அந்தப் படியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆயிரங்கால் மண்டபத்தில் ‘தீஸ் பில்லர்ஸ்’, ‘தோஸ் பில்லர்ஸ்’ பயிற்சி நடந்தபோது தூண் உண்மையில் 985தான் என்று கல்லூரிப் பெண் ஒருத்தி சொல்ல, பேச்சு வேறு பக்கம் போய் அரை மணி நேரம் வீணானது. ஆனாலும் மொத்த வகுப்பிலும் சிறந்த காலை அதுதான்.

என் கடையில் உடனடியாகப் பயன்பட்டது வேறொரு பாடம். வெளிநாட்டுப் பயணிகள் கடைக்கு வருவதுண்டு. சிவப்புச் சேலையைக் கையில் எடுத்து, ‘டு யூ ஹாவ் திஸ் இன் க்ரீன்?’ என்று கேட்பார்கள். ‘நோ மேடம், திஸ் இஸ் ரெட்’ என்று நான் பல ஆண்டுகளாக உண்மையை எடுத்துரைத்து வந்திருக்கிறேன். அவர்கள் ‘திஸ்’ என்றது அந்தச் சேலையை இல்லை, அந்தச் சேலையின் புள்ளி அமைப்பை, அந்த வகையை. ஒரு பொருளைத் தொட்டுக்கொண்டு அதன் இனத்தைச் சுட்டுவது ஆங்கிலத்தில் இயல்பு. நாமும் ‘இதுலயே பச்சை இருக்கா?’ என்றுதானே கேட்கிறோம்? அந்த ‘லயே’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘திஸ்’ தனியாகச் செய்துவிடுகிறது. இதை ஒட்டியே ‘ஒன்’ என்னும் சொல்லையும் டீச்சர் எடுத்தார். ‘த ரெட் ஒன்’ என்பதில் ‘ஒன்’ எண்ணிக்கை இல்லை. ‘சிவப்பானது’ என்பதில் வரும் ‘ஆனது’தான் அது. பன்மையில் ‘ஒன்ஸ்’ என்று வருவதைப் பார்த்து, ஒன்றுக்கு எப்படிப் பன்மை என்று செவிலியர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ‘சிவப்பானவை’ என்று சொல்லிப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

இனி இந்த வகுப்பின் உச்சமான ‘இட்’டுக்கு வருகிறேன். ‘இட் இஸ் ரெய்னிங்’ என்பதில் அந்த ‘இட்’ எது? மழையா, வானமா, மேகமா? எந்தப் பள்ளியிலும் எனக்கு இதற்கு விடை கிடைத்ததில்லை. டீச்சர் முதலில் தமிழிலிருந்து தொடங்கினார். ‘வந்தான்’ என்றாலே வந்தவன் ஆண், ஒருவன், படர்க்கை என்பது விகுதியில் தெரிந்துவிடுகிறது. அதனால் ‘அவன்’ என்று தனியே சொல்லாவிட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆங்கில வினைச்சொல்லின் வாலில் அவ்வளவு செய்தி கிடையாது. நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு ஓர் ‘எஸ்’ வரும், அவ்வளவுதான். எனவே எழுவாய் நாற்காலி அங்கே காலியாக இருக்கவே கூடாது. உட்கார ஆள் இல்லாவிட்டாலும் எதையாவது போட்டு வைக்க வேண்டும். “பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டப் போட்டு இடம் பிடிக்கிறோம்ல? அந்தத் துண்டுதான் ‘இட்’” என்றார்.

உவமை இத்துடன் முடியவில்லை. ‘இட் இஸ் டிஃபிகல்ட் டு பார்க் இன் மாசி ஸ்ட்ரீட்’ என்ற வாக்கியத்தில், இடத்துக்கு உரியவர் பின்னால் வருகிறார். மாசி வீதியில் வண்டியை நிறுத்துவது என்னும் நீளமான ஆள், படியேறி உள்ளே வரும் வரை துண்டு இடத்தைக் காக்கிறது. ‘இட் இஸ் ரெய்னிங்’ வாக்கியத்திலோ துண்டுக்கு உரியவர் வருவதே இல்லை. திருமங்கலம் வரை துண்டு மட்டும் பயணம் செய்கிறது. நேரம், தட்பவெப்பம், தொலைவு ஆகியவற்றைச் சொல்லும்போதெல்லாம் இப்படித்தான்: ‘இட் இஸ் சிக்ஸ் ஓ கிளாக்’, ‘இட் இஸ் ஹாட்’. இவ்வளவு தெளிவாக இந்தச் சொல்லை யாரும் எனக்கு விளக்கியதில்லை. இந்த ஒரு மணி நேரத்துக்கே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம்.

பொருளுள்ள ‘இட்’ வேறு வகை. அது ஏற்கெனவே பேச்சில் வந்து நிலைபெற்ற ஒரு பொருளைத் திரும்பச் சொல்வது. எதையும் புதிதாகச் சுட்டுவது கிடையாது. ‘திஸ்’, ‘தட்’ விரல் நீட்டும். ‘இட்’ கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இந்த வேறுபாடு கடிதம் எழுதும்போதுதான் கடிக்கிறது. என் பழைய மின்னஞ்சல்களில் ஒன்றைப் பயிற்சிக்குக் கொடுத்தேன். சிவப்புக் கட்டும் நீலக் கட்டும் வந்து சேர்ந்தன என்று எழுதி, அடுத்த வரியில் ‘இட் இஸ் வெட்’ என்று முடித்திருந்தேன். எது நனைந்தது? ஒரு கட்டா, இரண்டுமா, வந்த லாரியா? நீலம் மட்டும் நனைந்திருந்தால் ‘த ப்ளூ ஒன் இஸ் வெட்’ என்றும், இரண்டும் என்றால் ‘தே ஆர் போத் வெட்’ என்றும் எழுத வேண்டும். அவை என்பதற்கும் அவர்கள் என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே ‘தே’தான் என்பது இங்கே முக்கியம், சேலைகளைத் ‘தே’ என்று எழுதினால் ஆட்களைச் சொல்வதுபோல் இருக்குமோ என்ற கூச்சத்தில்தான் நான் எல்லாவற்றையும் ‘இட்’ என்று எழுதி வந்தேன். பேச்சுத் தமிழில் ‘சேலையெல்லாம் வந்துருச்சு’ என்று பன்மைக்கும் ஒருமை வினை போடும் பழக்கமும் இதற்குத் துணை. இன்னொரு மின்னஞ்சலில், சரக்கு தாமதமாகிவிட்டது, அதனால் விலையில் தள்ளுபடி வேண்டும் என்ற பொருளில் எழுதியதில் ‘இட்’டை அடித்துவிட்டு ‘திஸ்’ என்று திருத்தினார். முன் வாக்கியத்தின் முழுச் செய்தியையும் அள்ளிக்கொண்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்க ‘திஸ்’தான் வலுவானது. அப்படியே ‘ப்ளீஸ் சென்ட் த சேம்’, ‘ரிசீவ்ட் த சேம்’ என்று ‘சேம்’ போட்டு எழுதும் பழைய வணிகக் கடித நடையையும் ஒழித்துக்கட்டினார். என் அப்பா காலத்துக் கடிதங்களிலிருந்து நான் கற்ற நடை அது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

‘யூ’ பற்றிய பாடம் குறுகியது, ஆனால் பலருடைய மனத்தடையைப் போக்கியது. பெரியவர்களையும் ‘யூ’ என்று சொல்லும் ஆங்கிலத்தில் மரியாதை இல்லை என்று நம் வீடுகளில் சொல்லுவார்கள். நடந்தது தலைகீழ். ஆங்கிலத்தில் ஒருமைக்குத் ‘தவ்’ என்றொரு சொல் இருந்தது. ‘யூ’ பன்மைக்கும் மரியாதைக்கும் உரியது. பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் ‘தவ்’ அன்றாடப் பேச்சிலிருந்து விலகியது. ஜெபங்களிலும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பிலும் மட்டும் தங்கிவிட்டது. அதாவது அவர்கள் கைவிட்டது ‘நீ’யை. இப்போது நாய்க்குட்டியையும் ‘நீங்கள்’ என்றுதான் அழைக்கிறார்கள். ஒரே ஆளைப் பார்த்து ‘யூ ஆர்’ என்று பன்மை வினை போடுவதன் காரணமும் இதுதான். மேலவெளி வீதிப் பக்கத்து மாணவி ஒருத்தி, அப்படியானால் கடவுளை மட்டும் ஏன் ‘நீ’ என்கிறார்கள் என்று கேட்டாள். நாமும் மீனாட்சியை ‘நீ’ என்றுதானே கும்பிடுகிறோம் என்று பதில் வந்தது.

எனக்கு நட்டம் வரவழைத்த ‘வி’க்கு ஒரு முழு மாலை ஒதுக்கினார். கேட்பவரையும் உள்ளே சேர்க்கும் ‘நாம்’, கேட்பவரை வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ என்ற பிரிவு தமிழின் சொத்து. முன்னதை நம் இலக்கணம் உளப்பாட்டுத் தன்மை என்று அழைக்கிறது. ஆங்கிலத்தில் அது இல்லாததால் வேறு சொற்களைக் கொண்டு வேலி போட வேண்டும். ‘நாங்கள்’ என்றால் ‘வி அட் அவர் ஷாப்’. ‘நாம்’ என்றால் ‘யூ அண்ட் ஐ’, ‘போத் ஆஃப் அஸ்’. ‘லெட்ஸ்’ என்று தொடங்கினால் கேட்பவர் உள்ளேதான் இருக்கிறார். ‘லெட் அஸ் கோ’ என்று பிரித்துச் சொன்னால் ‘எங்களைப் போக விடுங்கள்’ என்றும் பொருள்படலாம். என் 4,600 ரூபாய்க் கதையை இங்கேதான் சொன்னேன். அடுத்த தொகுதிக்கும் அதைச் சொல்லிக்கொள்ளலாமா என்று டீச்சர் அனுமதி கேட்டார், கொடுத்திருக்கிறேன்.

குறை என்று நான் கருதுவது படர்க்கைப் பாடத்தில் இருக்கிறது. முதல் பாதி நன்றாகவே போனது. தமிழில் ‘குழந்தை அழுகிறது’ என்று அஃறிணை முடிபு போடுகிறோம் என்பதற்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தையை ‘இட்’ என்று சொல்லிவிடக் கூடாது, தாய்க்குச் சுருக்கென்று இருக்கும். ‘ஹி’யா ‘ஷி’யா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அலங்காநல்லூர்த் தம்பி தன் காளையை ‘இட்’ என்று சொல்ல மறுத்தார். வாடிவாசலில் நின்று விளையாடும் பிள்ளை எப்படி ‘இட்’ ஆகும் என்பது அவர் கட்சி. பெயர் வைத்து வளர்க்கும் விலங்கை ‘ஹி’ என்று சொல்வது ஆங்கிலத்திலும் வழக்கம்தான் என்று தீர்ப்பு அவர் பக்கம் சென்றது. ‘இவர்’ என்பதற்கு நேரான சொல் ஆங்கிலத்தில் இல்லை என்பதையும் நன்றாக விளக்கினார்: அறிமுகத்தின்போது ‘திஸ் இஸ் மை ஃபாதர்’ என்று சொல்லலாம், ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே ‘ஹி’க்கு மாறிவிட வேண்டும், ‘திஸ் ஒர்க்ஸ் இன் பேங்க்’ என்று தொடர்ந்தால் அப்பா இயந்திரமாகிவிடுவார்.

ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைப் பற்றிப் பேசும்போதுதான் சிக்கல். நமக்கு ‘அவர்’ இருக்கிறது. பால் காட்டாது, மரியாதையும் குறையாது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘தே’ வரும். யாரோ குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று சொல்ல ‘சம்ஒன் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா’ என்பதே இயல்பு. டீச்சர் இதைப் பிழை என்று அடித்து, ‘ஹிஸ் ஆர் ஹெர்’ என்று எழுதவைத்தார். இது சரியில்லை. ஒருவரைத் ‘தே’ என்று சொல்லும் வழக்கம் பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் உண்டு. தம்மை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ள விரும்பாதவர்களுக்கும் இன்று இதே சொல் வழங்குகிறது; 2019ஆம் ஆண்டு மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘தே’யை ஆண்டின் சொல்லாக அறிவித்ததே இந்தப் புதிய வழக்கின் பரவலால்தான். எங்கள் தொகுதியில் மென்பொருள் நிறுவன நேர்காணலுக்குத் தயாராகிவந்த பெண்கள் இருந்தார்கள்; அவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் மெல்ல எடுத்துச் சொன்னபோது, “நீங்க சொல்றது சரியா இருக்கலாம்ணே, எனக்குக் கை வரல” என்றார். அந்த நேர்மையை மதிக்கிறேன். எனினும் காசு வாங்கி நடத்தும் வகுப்பில் இது குறைதான்.

‘தான்’ பற்றி ஒரு வார்த்தை. ‘குமார் ரவியிடம் தான் வருவதாகச் சொன்னான்’ என்றால் வருபவன் குமார் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. ஆங்கிலத்தில் ‘ஹி’ போட்டால் குமாரும் வரலாம், ரவியும் வரலாம், மூன்றாவது ஆளும் வரலாம். அங்கே ‘ஹிம்செல்ஃப்’ போட்டு ஒப்பேற்றவும் முடியாது. பெயரைத் திரும்ப எழுதுவதே வழி. இதை ஒரு நல்ல பயிற்சியாக வைத்திருந்தார். இன்னும் இரண்டு வைத்திருக்கலாம்.

தொலைபேசிப் பேச்சு கால் மணி நேரத்தில் முடிந்தது என் இரண்டாவது மனக்குறை. தொலைபேசியில் தன்னை ‘ஐ’ என்று தொடங்காமல் ‘திஸ் இஸ்’ என்று அறிமுகம் செய்துகொள்வது, எதிர்முனையில் இருப்பவரை அமெரிக்கர் ‘ஹூ இஸ் திஸ்?’ என்றும் பிரிட்டிஷ்காரர் ‘ஹூ இஸ் தட்?’ என்றும் கேட்பது ஆகிய இரண்டையும் வாயால் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எங்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தேவைப்படுவதே தொலைபேசியில்தான்.

கையேடு படு மோசம். நகலின் நகல், சில பக்கங்களில் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கிறது. ‘அதனுடைய’ என்னும் பொருளில் வரும் ‘இட்ஸ்’ஸுக்குத் தலையில் குறி கிடையாது, ‘இட் இஸ்’ என்பதன் சுருக்கமான ‘இட்ஸ்’ஸுக்கே குறி உண்டு என்று கற்பிக்கும் பக்கத்திலேயே அந்தக் குறி இடம் மாறி அச்சாகியிருக்கிறது. நாங்கள் கேட்டபோது சிரித்தபடி பேனாவால் திருத்திக்கொள்ளச் சொன்னார்கள். மாடிக்குக் கீழே வண்டி நிறுத்த இடமில்லை, ஏழு மணிக்கு மேல் பேருந்து ஒலிப்பானில் பின் வரிசைக்குப் பாடம் கேட்காது. முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். முடிவில் சான்றிதழ் உண்டு, ஆனால் தேர்வு இல்லை. வேலைக்குச் சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் காகிதம் பயன்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. மளமளவென்று பேசிப் பழக வேண்டும் என்று வருபவர்களும் ஏமாறுவார்கள். தமிழ் நன்றாகத் தெரிந்து, ஆங்கிலத்தில் எழுதிப் பிழைக்க வேண்டியவர்களுக்கு, அதிலும் ஓரளவு வயதானவர்களுக்கு, இது கொடுத்த காசுக்கு மேல் தரும். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கையேட்டை மாற்றினால் அரை கூட்டுவேன்.

பழைய வாங்குநருடன் வணிகம் தொடர்கிறது. போன மாதம் ஒரு கட்டுக்குச் சிப்பம் கட்டும் செலவு பற்றி அவர் மறுபடியும் ‘வி கேன் மேனேஜ் திஸ்’ என்று எழுதியிருந்தார். இந்த முறை மனத்துக்குள் பாராட்டவில்லை. ‘விச் வி, சார்?’ என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். பத்து நிமிடத்தில் ‘போத் ஆஃப் அஸ்’ என்று வந்தது.